ஒரு வாய் சீம்பால்

யார் வீட்டில் சீம்பால் அவித்தாலும் நான் தொடமாட்டேன். "மாட்டு டாக்டருக்குச் சீம்பால் ஆகாதாம், கேட்டீங்களா?" என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். காரணத்தை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான் டாக்டரே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பீடோங் பக்கம் அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரியில் உதவியாளன், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் ஊசி போடுவேன், மாத்திரை கொடுப்பேன். சனங்கள் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது!

செமிலிங் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வரிசையாக மாட்டுக் கொட்டாய்கள். அங்கே ஓர் அக்கா இருந்தார். ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிற வேலை, இரண்டு மாடுகள், தனிக்கட்டை. யார் வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவித்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட கை. ஆனால் அவருடைய சொந்த மாடுகள் போட்ட கன்றுகள் இரண்டு, அடுத்தடுத்து, பிறந்த ஒரு வாரத்துக்குள் கழிந்து கழிந்தே செத்துப்போயின. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் கை பட்டால் கன்று தங்காது என்று பேச்சு கிளம்பிவிட்டது.

ஒரு நாள் பக்கத்துக் கொட்டாயில் ஒரு மாடு கன்று போடத் தவித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவும் வேலைத்துணியோடு ஓடி வந்தார். மாட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "நீங்க வேண்டாம் அக்கா. நாங்க பாத்துக்கிறோம் லா." அவர் வந்த வழியே திரும்பினார். வேலை முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது வழியில் நின்றிருந்தார்.

"தம்பி, என் கன்னைக் காப்பாத்த முடியலன்னாலும் பரவால்ல. என்ன நோவுன்னு பேரையாச்சும் சொல்லிடுங்க. பேர் தெரிஞ்சா இவங்க வாய் அடங்கும்."

அதுவரை கன்றுக் கழிச்சல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பூச்சியும் பாக்டீரியாவும்தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்தச் சமயத்தில்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது: இளங்கன்றுகளின் கழிச்சலுக்கு வைரசும் காரணமாக இருக்கலாம்; சாணத்தை அனுப்பினால் வெளிமாநில ஆய்வுக்கூடத்தில் பெரிய நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்; ஆனால் கழிச்சல் தொடங்கிய முதல் நாளே எடுக்கவேண்டும், ஐசில் வைத்து அனுப்பவேண்டும். கன்று தண்ணீராகக் கழிந்து படுத்த பிறகு எடுத்தால் வைரஸ் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். நாங்கள் அதுவரை படுத்த கன்றுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவிடம் சொல்லி வைத்தேன்: "அடுத்த கன்னு கழிய ஆரம்பிச்ச உடனே எனக்குப் போன் போடுங்க."

போட்டார். தோட்டத்துக் கிராணி ஆபீசிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த கையோடு. "தம்பி, மஞ்சளாப் போவுது. இன்னிக்கு விடியக்காலைலதான் ஆரம்பிச்சுது." ஐஸ் கச்சாங் கடையில் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்க்கில் திணித்துக்கொண்டு பறந்தேன். ஐந்து நாள் கன்று. கண் குழி விழுந்து, வால் நனைந்து நின்றது. சாணத்தைச் சீசாவில் பிடித்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, கூடவே அனுப்பவேண்டிய ஃபாரத்தை நிரப்பினேன். வயது, நிறம், காய்ச்சல். கடைசிக் கேள்வி, சீம்பால் கொடுக்கப்பட்டதா.

"சீம்பால் குடுத்தீங்களாக்கா?"

"குடுக்காம இருப்பேனா தம்பி?"

'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். எவ்வளவு, எப்போது என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. எனக்காவது மண்டையில் கொஞ்சம் மூளை இருந்திருக்கலாம்.

உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் கன்று செத்தது. சில வாரம் கழித்து முடிவு வந்தது. வைரஸ்தான். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள்: சாம்பல் நிறத் தாளில் சின்னச் சின்னச் சக்கரங்கள் இறைந்து கிடந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பெரட்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் படத்தை நீட்டினேன். "கொன்னது இதுதான். அக்கா கை இல்ல!"

அன்றைக்கு வாசலில் மறித்த அந்த அண்ணன் படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "சைக்கிள் சக்கரமாட்டம் இருக்கு லா," என்றார். ஒரே சிரிப்பு. கூட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் கேட்டார்: "எங்க கன்னுங்களுக்கும்தான் மஞ்சளாப் போச்சு. எப்பவாச்சும் ஒண்ணுதான் சாவுது, மத்ததெல்லாம் எழுந்து ஓடுது. இந்தச் சக்கரம் அக்கா கொட்டாய்க்கு மட்டும் விலாசம் கேட்டு வருதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரியாத விசயத்துல வாயை விடாதீங்க," என்று அதட்டினேன். அந்த விவகாரம் முழுவதிலும் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதைக் கேட்டவர் வாயைத்தான் நான் அடைத்தேன்.

எப்படியோ அக்காவின் பேர் மீண்டது. மறுபடியும் கன்று போடுகிற வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். படத்தை என்னிடம் கேட்டு வாங்கி மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவருடைய இன்னொரு மாடு கன்று போட்டது. மறுநாள் மத்தியானம் அக்கா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார், கையில் தூக்குச்சட்டியோடு. குலா மலாக்கா வெல்லம் போட்டு அவித்த சீம்பால். "மொதல்ல உங்களுக்குத்தான் தம்பி. அப்புறம்தான் லயத்துக்கு." கட்டி கட்டியாக, கரண்டி வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. அடேயப்பா, என்ன ருசி! அவர் முகமெல்லாம் பல்லாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சட்டி காலியான பிறகுதான் கன்றைப் பற்றி விசாரித்தேன்.

"நல்லா இருக்கு தம்பி. இந்தத் தடவை ரொம்ப ஜாக்கிரதை. சீம்பால் கூடிப்போனாத்தான் கழியும்னு எங்காளுங்க சொல்லுவாங்க. போன கன்னுக்கு ரெண்டு வாய் விட்டேன், அதான் தப்பாப் போச்சோ என்னமோ. இதுக்கு ஒரே வாய். மடியில பால் இறங்கினதும் கன்னைப் பிடிச்சு இழுத்துக் கட்டிட்டேன். நேத்துப் பூரா சீனித் தண்ணிதான்."

கரண்டி என் வாயிலேயே நின்றது.

கன்று பிறக்கும்போது நோயைத் தாங்கும் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. அந்தச் சக்தியைத் தாய் சீம்பாலில் வைத்துக் கொடுக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறு முட்டக் குடிக்கவேண்டும். ஒரு நாள் கழிந்துவிட்டால் குடலிலிருந்து அது உடம்பில் ஏறாது. இது எனக்குத் தெரியாததா? பாடமாகவே படித்தது. மற்ற வீட்டுக்காரர்கள் கன்றைத் தாயோடு விட்டுவிட்டு மரம் வெட்டப் போய்விடுவார்கள். அது தானே முட்டி முட்டிக் குடித்துப் பிழைத்துக்கொண்டது. அக்கறையாக இழுத்துக் கட்டிய கொட்டாயில்தான் செத்தது. அந்தக் கன்றுக்குச் சேரவேண்டியதைத்தான் நான் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தேன்.

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கன்றை அவிழ்த்து மடியில் விட்டேன். ஆசையாகக் குடித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான்காம் நாள் மஞ்சளாகக் கழிந்தது. ஏழாம் நாள் போய்விட்டது. அப்போது நானும் அங்கே இருந்தேன். அக்கா கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"என் கைதானா தம்பி?"

"இல்லக்கா. வைரஸ்."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. கை இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன், இழுத்துக் கட்டிய கைதான் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சொன்னால், முன்னாடியே ஏன் தம்பி கேக்கல என்று அவர் திருப்பிக் கேட்பாரே. உண்மையில் அதற்குத்தான் பயந்தேன்.

அவர் இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார். படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம், ஆமாம், அதற்கப்புறம்தான், நான் ஒவ்வொரு கொட்டாயாக ஏறி இறங்கினேன். கன்று பிறந்ததும் வயிறு நிறைய விடுங்கள், அதற்குப் பிறகு மிச்சமிருந்தால் நீங்கள் அவித்துத் தின்னுங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார்கள். அந்த வருடம் லயத்தில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை.

ஒரு நாள் அந்த அண்ணன் குழாயடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். "பாத்தீங்களா தம்பி, அக்கா மாடுங்க லயத்தை விட்டுப் போனதும் போச்சு, ஒரு கன்னு சாகல. நீங்க என்னமோ சக்கரம் சக்கரம்னீங்க."

குழாயடியில் அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.