ஒரு ஜெபமாலை நேரம் கொதித்த தேயிலை

எங்கள் வீட்டில் தேயிலையை மணி பார்த்து இறக்கியதில்லை. மந்திரம் சொல்லி இறக்கினோம். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை நம்பி ஒரு முட்டைகூட அவிக்க முடியாது. சாவி கொடுத்தால் முந்தி ஓடும், மறந்தால் படுத்துவிடும். ஆகையால் அப்பா கொதிக்கிற தண்ணீரை இலைமேல் ஊற்றி, கெட்டிலை மூடி, அதன்மேல் ஒரு துவாலையைச் சுற்றிவிட்டு, 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பிப்பார். நுவரெலியா இலைக்கு எட்டு மந்திரம். ஊவா இலைக்குப் பத்து. கீழ்நாட்டுத் தோட்டத்துக் கறுத்த இலைக்கு ஆறு போதும், ஏழாவது சொன்னால் நாக்கைப் பிடிக்கும். குசினியில் மீன் அரிந்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"மாதாவைக் கூப்பிட்டுக் கெட்டிலுக்குக் காவல் வைக்கீங்களா?" என்பாள்.

அப்பா பதில் சொல்லமாட்டார். சொன்னால் கணக்குத் தப்பிவிடும்.

இத்தனை இலையும் எங்கள் வீட்டுக்கு வந்தது மாமாவால். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தாயார் இறந்துவிட்டதால், சோறு ஊட்டி வளர்த்ததெல்லாம் அம்மாதான். கொழும்புக்குப் போய்வரும் ஒரு பாய்மரத் தோணிக்கு அவர் தண்டல், அதாவது தலைவர். இங்கிருந்து வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது அக்காவுக்கென்று ஒரு தேயிலை டின் கட்டாயம் இருக்கும். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் அவருக்குச் சிநேகம். நுவரெலியா, ஊவா என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மலைத் தோட்டத்து இலையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாராம்.

அவ்வளவு நல்ல இலையை நாங்கள் செய்த பாடு கொஞ்சமா? பாலோடு சேர்த்துப் பொங்கவிட்டு, சீனியை அள்ளிப்போட்டுக் குடித்தோம். கடையில் வாங்கும் தூள் தேயிலை அளவுக்குச் சாரம் இல்லை என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு டின்கள் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்தான், இப்படிக் குடிக்கதுக்கு அந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க அங்கன மலையேறிப் பறிச்சிருக்கவே வேண்டாம்."

அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சீனியைப் போட்டுக்கொண்டார். அப்போதெல்லாம் அவர் தேயிலை குடிக்கவில்லை, தேயிலை வாசம் உள்ள பாயசம் குடித்தார்.

அவர் திருந்தியது ஒரு தவசு காலத்தில். எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்களெல்லாம் அந்தப் பக்கம் போய், பழைய துறையில் தோணிகள் மட்டும் மிஞ்சியிருந்த சமயம். விபூதிப் புதன் அன்று கோவிலிலிருந்து வந்ததும், பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரையிலான நாற்பது நாளைக்கு யார் எதை விடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் சினிமாவை விட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்த பெண்ணை யாரும் சினிமாவுக்குக் கூட்டிப்போகவில்லை என்பது வேறு விஷயம். அப்பாவுக்குத் தேயிலையை விடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாலையும் சீனியையும் விடுவதாகச் சொன்னார். அம்மாவும் அது பெரிய ஒறுத்தல்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் கஷாயம் குடிக்கிற முகத்தோடு வேலைக்குப் போனார். தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் கம்பெனி ஒன்றில் அவர் கிளார்க். மூன்றாவது நாள் எனக்கே பொறுக்கவில்லை. கடைத் தூளுக்குப் பதிலாக மாமாவின் டின் ஒன்றைத் திறந்து, கொதிக்கவைக்காமல், வெந்நீரை மட்டும் ஊற்றி வடித்துக் கொடுத்தேன். அப்பா ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"ஏளா, இதுல எலுமிச்சைத் தோல் ஏதும் போட்டியா?"

நான் ஒன்றும் போடவில்லை. இலையே அப்படித்தான் மணந்தது.

அவ்வளவுதான், அலமாரியிலிருந்த டின்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்று தங்க நிறத்தில் இறங்கியது. ஒன்றைக் குடித்தால் கற்பூரவள்ளியைக் கிள்ளி வாயில் போட்டதுபோலத் தொண்டை குளிர்ந்தது. கம்பெனிச் சிநேகிதர் ஒருவர் நீலகிரியிலிருந்து கொஞ்சம் இலை கொண்டுவந்து கொடுத்தார். யாரோ ஒரு கப்பல்காரர் கொடுத்தது என்று பச்சை இலை ஒன்றுகூட வந்தது. அது மருதாணி அரைத்த கையைப்போல மணந்தது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, தலைக்குத் தேய்க்க ஆகுமா என்று கேட்டாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் போட்டால் எந்த இலையும் மை மாதிரிக் கலங்கிவிடும். அதனால் நான் குழாயடியில் கால் கடுக்க நின்று பிடித்துவரும் ஆற்றுத் தண்ணீர்க் குடத்தில் அப்பா கைவைக்கத் தொடங்கினார். சோற்றுக்கு வைத்திருந்த தண்ணீர் தேயிலைக்குப் போனது. அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அப்பாவும் நானும் கூடத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். இரண்டு கெட்டில், நாலு பீங்கான் கோப்பை. அவர் மோந்து பார்ப்பார், கண்ணை மூடுவார், உறிஞ்சுவார், "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" தெருவுக்கே கேட்கும். இன்று நினைத்தால், அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அந்தச் சில வாரங்களில்தான். அந்த மேசைக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

அப்போதுதான் மாமாவின் தோணி வரவில்லை என்ற சேதி வந்தது.

கொழும்பிலிருந்து ஒரே நாளில் புறப்பட்ட இரண்டு தோணிகளில் ஒன்று வந்து சேர்ந்து, சரக்கும் இறக்கியாயிற்று. மாமாவின் தோணியைக் காணோம். அது காற்று ஓய்ந்து விழுகிற காலம்தான், ஒன்றிரண்டு நாள் பிந்துவது சகஜம் என்று அப்பா சொன்னார். ஒரு வாரம் போயிற்று. அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். தினமும் காலையில் மாதா கோவிலுக்குப் போய்விட்டு, அப்படியே கடற்கரைக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். எனக்கும் பயமாக இருந்தது. வெளியே காட்டினால் அம்மா உடைந்துவிடுவாளே என்று பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தவசையும் அவனுக்காக ஒப்புக்கொடுங்க" என்று அம்மா கேட்டாள். அப்பா அன்றைக்கே ஒப்புக்கொடுத்தார். ஆனால் அடுத்த நாள் சாயங்காலம், பழக்க தோஷம், ஊவா இலையைக் குடித்துவிட்டு "ம்ம்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா குசினியிலிருந்து வந்து மேசை முன்னால் நின்றாள்.

"என் தம்பி எங்கன கெடக்கானோ தெரியல. நீங்க இங்கன மோந்து மோந்து குடிக்கீங்க. இதுக்குப் பேரு தவசா?"

"பாலும் சீனியும் விட்டாச்சுல்லா?"

"விட்டதுல சந்தோசம் வந்துட்டே! சந்தோசத்தக் கொண்டுபோயி ஆண்டவர்கிட்ட தவசுன்னு காட்டினா அவரு ஏமாந்துருவாரா?"

அப்பா சாமியாரிடம் கேட்டுவருவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். தெளிந்த முகத்தோடு திரும்பினார். சாமி ஒன்றும் தப்பில்லை என்றுவிட்டாராம்.

"என்னன்னு கேட்டீங்க?"

"பாலு சீனி இல்லாம தேயிலத்தண்ணி குடிக்கது தவசுல சேருமான்னு கேட்டேன். சேரும்னாரு."

"கண்ண மூடிக்கிட்டு 'ம்ம்'னு குடிக்கேன்னு சொன்னீங்களா?"

அதை அவர் சொல்லவில்லை. அம்மாவே தீர்ப்புச் சொன்னாள்.

"நாளைலருந்து நீங்க பால் ஊத்தி, நாலு கரண்டி சீனி போட்டுக் குடிங்க. இப்ப உங்களுக்கு அதுதான் தவசு. இந்தத் தண்ணிய நான் குடிக்கேன். எனக்கு இது கண்ணுலயே ஆகாது."

நான் சிரித்திருப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். அன்று கம்பெனியில் முதலாளி தன்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார் என்பதை அவர் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். கிளார்க்கை முதலாளி உட்காரச் சொன்னால் அது நல்ல சேதிக்காக இருக்காது. மாமாவின் தோணியை இனி எதிர்பார்க்கவேண்டாம் என்றாராம்.

மறுநாளிலிருந்து அப்பா, காலமெல்லாம் ஆசையாகக் குடித்த அதே பால் தேயிலையை, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளைபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தனக்கான தேயிலையைத் தானே போட்டாள். எந்த டின் முதலில் கைக்கு வந்ததோ அதிலிருந்து ஒரு பிடி இலை. ஊறவைப்பதெல்லாம் இல்லை, கெட்டிலோடு அடுப்பில் ஏற்றிவிட்டு, ஜெபமாலையைக் கையில் எடுத்துத் தம்பிக்காக வேண்டத் தொடங்குவாள். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிகிறவரை இலை கொதிக்கும்.

எட்டு மந்திரத்தில் இறக்கவேண்டிய நுவரெலியா இலை! கூடத்தில் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. ஜெபமாலையில் பத்து மணி உருண்டதும் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்.

"ஏளா, போயி இறக்கச் சொல்லு. இலை செத்துரும்."

நான் போய்ச் சொல்வேன். அம்மா மந்திரத்தை நிறுத்தாமல், போ என்று கையை ஆட்டுவாள். கடைசியில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர்போல ஒன்று கோப்பையில் விழும். அதை நின்றபடியே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள். அம்மாவுக்குத் தேயிலை போடத் தெரியவில்லை என்றே நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பெரிய வியாழன் அன்று, வெயில் உச்சியில் நிற்கும்போது, அப்பா செருப்புகூட இல்லாமல் தெருவில் ஓடிவந்தார்.

"கொல்லத்துல இருக்கானாம்! தந்தி வந்துட்டு!"

அம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் தம்பியைத் திட்டத் தொடங்கினாள். அவளுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று எங்களுக்கு நிம்மதியாயிற்று.

பாஸ்காவுக்கு மறுநாள் மாமா வந்தார். கறுத்து, உதடு வெடித்து, சட்டை தோளில் தொங்கியது. காற்று சுத்தமாக விழுந்துவிட்டதாம், கடல் நீரோட்டம்தான் தோணியை இழுத்ததாம்.

"நீவாடு மேக்க இழுத்துட்டுப் போயிட்டுக்கா. பாய் இருந்து என்ன செய்ய? தண்ணிய அளந்து அளந்துதான் குடிச்சோம். நாக்கு வறண்டா உன் தேயிலைய ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டு மெல்லுவோம்."

பையிலிருந்து ஒரு நுவரெலியா டின்னை எடுத்து நீட்டினார். பாதிதான் இருந்தது. முழுசாகக் கொண்டுவர முடியவில்லை என்று வருத்தப்பட்டார், பாவி. அம்மா டின்னை வாங்கி, முந்தானையால் துடைத்து, அலமாரியில் வைத்தாள்.

அன்று நான் அம்மாவுக்கு ஏலக்காய் தட்டிப்போட்டு, கெட்டிப் பாலில் தேயிலை போட்டுக்கொடுத்தேன். அவள் அதைத் தள்ளிவைத்தாள்.

"பாஸ்கா முடிஞ்சாச்சு. தவசும் முடிஞ்சாச்சு" என்றார் அப்பா.

"அவன் கடலுக்குப் போறது முடிஞ்சிட்டா?" என்றாள் அம்மா.

பல வருஷம் கழித்து மாமா கடலை விட்டு, சந்தையில் ஒரு பலசரக்குக் கடை வைத்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா மறுபடி பால் தேயிலையைத் தொட்டாள். அதுவரை தினமும் அந்தக் கசப்புத்தான். இப்போது என் வீட்டில் நேரம் பார்க்க எத்தனையோ வசதி இருக்கிறது, நானோ இன்னும் மந்திரம் எண்ணித்தான் இறக்குகிறேன். எண்ணும்போதெல்லாம் நினைவுக்கு வருவது, மாமா மறுபடி கொழும்புக்குப் பாய் ஏற்றிய அன்றைய சாயங்காலம்.

வழியனுப்பிவிட்டு வந்து அம்மா குசினியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தப் பாதி டின்னை எடுத்தார். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கெட்டிலை முதலில் வெந்நீரால் கழுவி, இலையைப் போட்டு, துவாலையைச் சுற்றி, எட்டு மந்திரத்தையும் அவசரப்படாமல் சொன்னார். பூப்போட்ட கோப்பையில் வடித்து, அம்மாவின் கையில் தானே கொடுத்தார்.

"ஒரு வாய் குடிச்சிப் பாரு. கசக்காது. நீ கொதிக்கவிட்டுக் கெடுக்கே."

அம்மா குடித்தாள். அவள் முகம் இளகியதை நான் பார்த்தேன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தாள். பிறகு சட்டென்று கீழே வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கு. எனக்குத் தெரியும், நல்லாத்தான் இருக்கும். அதான் வேண்டாம்."

அப்பா அந்தக் கோப்பையை என்னிடம் தள்ளினார். டின்னிலிருந்து இன்னொரு பிடி இலையை எடுத்துத் தன் கையாலேயே கெட்டிலில் போட்டு, அடுப்பில் ஏற்றினார். அம்மாவின் மடியில் கிடந்த ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதல் மணியைப் பிடித்தார். எட்டாவது மந்திரம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று மணியும் முடிந்த பிறகுதான் கெட்டிலை இறக்கினார்.