ராணிக்கு விரிப்பு விரித்தவன்

கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் சூடாகத் தேய்த்த துணியின் வாசம் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு இங்கிலாந்து அரண்மனைதான் ஞாபகத்துக்கு வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மலாக்காவில், ஜாசினுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அப்பா கிராணியாக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, படித்த இங்கிலீஷைக் கொண்டு ஆபீஸ் நாற்காலியில் கணக்கெழுத உட்கார்ந்தவர். முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்துத் துரையும் போனார். போகும்போது தன் பங்களாச் சுவரிலிருந்த பெரிய படத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ஹாலில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், ஏணி வைத்து ஏறி மாட்டினார்.

விக்டோரியா மகாராணி காலத்து ஓவியர் ஒருவர், அவருக்கும் முந்நூறு வருஷம் முந்திய ராணியொருத்தியைக் கற்பனை செய்து வரைந்ததன் அச்சுப்படம் அது. ராணியின் கழுத்தைச் சுற்றி இடியாப்பத் தட்டுப் போல ஒரு வெள்ளைக் கொலர். பின்னால் முத்தும் பட்டுமாகத் தோழிகள். ராணியின் காலடியில் மழைச்சேறு. அந்தச் சேற்றின் மேல் சிவப்பு வெல்வெட்டு விரிப்பொன்றைக் குனிந்து விரிக்கிறான் ஒரு வாலிபன். இடுப்பில் வாள், தொப்பியில் நீண்ட இறகு. எல்லோர் முகத்திலும் பொன்வெயில். அந்த ஊரில் யாருக்கும் வேர்க்கவே வேர்க்காது போலிருந்தது.

அம்மா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "இது ராணியின்ர கட்டாடி. நிலபாவாடை விரிக்கிறான்."

அம்மா வளர்ந்த ஊரில், கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வெறுந்தரையில் நடக்கக் கூடாது. துணி வெளுக்கும் "கட்டாடி" முன்னால் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார், அதுதான் "நிலபாவாடை". ராணியின் காலடியில் துணி விரிப்பவன் அம்மாவுக்கு வேறு யாராக இருக்க முடியும்? அப்பா திருத்தவில்லை, மீசைக்குள் சிரித்தபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் தோட்டத்து டோபி மாரிமுத்து. அறுபது வயதை நெருங்கிய மனிதர். வீட்டில் சின்னப் பிள்ளைகளான நாங்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பின்வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு நிற்பார், அதற்கு மேல் உள்ளே வரும் வழக்கமில்லை. அம்மா சொன்னதை நான்தான் ஓடிப்போய் அவரிடம் ஒப்பித்தேன்.

"நெசமாவா பாப்பா? வண்ணானுக்குக் கத்தி யாரு குடுத்தா?"

"ராணிதான் குடுத்திருப்பா."

அன்றிலிருந்து வாராவாரம் விசாரிப்பு. இறகு என்ன நிறம், ராணி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாளா, துணி கசங்கியிருக்கிறதா? நான் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்வேன். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாரிடமும் அவர் அதைப் பரப்பிவிட்டார். வெள்ளைக்காரன் சீமையில் வண்ணான் வாளோடு ராணி பக்கத்தில் நிற்கிறான் என்பது அவருக்குத் தலைநிமிர்ந்து நடக்கிற விஷயமாகிவிட்டது. "ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும் பாப்பா" என்பார். ஹாலுக்குள் வரச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை, கேட்க அவருக்கு வாயில்லை.

அக்காவின் கல்யாணம் வழி திறந்தது. வீட்டிலேயே மணவறை. நிலபாவாடை இல்லாமல் முடியாது என்று அம்மா பிடிவாதமாக நிற்க, மாரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். துணி எங்கே போகிறதோ அங்கே அவரும் போகலாம். வாசலிலிருந்து ஹால் நடு வரை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கல்யாணத்தன்று புது வேட்டி கட்டி, தலைப்பாகையில் சேவலின் வால் இறகொன்றைச் செருகிக்கொண்டு வந்து நின்றார். நான் வாராவாரம் சொன்ன இறகு. மாப்பிள்ளை நடந்து கடந்த துணியைப் பின்னாலிருந்து சுருட்டி, ஓடிவந்து முன்னால் விரித்து, மறுபடி சுருட்டி, மறுபடி விரித்து, முன்வாசல் வழியாக முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஹாலில் கடைசித் துணியையும் விரித்துவிட்டு நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன இது இறகு?" என்று மாப்பிள்ளை வீட்டார் யாரோ கேட்க, அவர் பல்லெல்லாம் தெரியப் படத்தைக் காட்டினார். "அந்தா நிக்கிறாரு, நம்மாளு."

மாப்பிள்ளை மலாக்கா டவுனில் பெரிய உத்தியோகம், இங்கிலீஷ் புத்தகங்கள் படிக்கிறவர். மாலையோடு நின்றபடியே சிரித்தார். "ஆர் சொன்னது? அவர் பெரிய பிரபு. தன்ர மேலங்கியைக் கழட்டி ராணிக்கு விரிச்சவர். வண்ணான் எண்டு நினைச்சியோ?"

ஹாலே சிரித்தது. அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தான் சொன்னதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாரிமுத்துவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். இறகை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, துணிகளைச் சுருட்டித் தோளில் போட்டு, பின்வாசல் வழியாகப் போனார். அடுத்த வாரமும் மூட்டையோடு வந்தார். படத்தைப் பற்றி அதன்பின் ஒருநாளும் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் வந்த குழப்பத்தில் படம் எங்கே போனதென்று தெரியாது. ரப்பர் நின்ற இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, டோபிக் கொட்டகையும் இல்லை. அண்மையில் பேத்தி நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஓவியப் புத்தகத்தில் அதே மாதிரிப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பட்டு, வெல்வெட்டு, பால்போல் வெளுத்த கொலர்கள், எதிலும் ஓர் அழுக்குப் பொட்டில்லை. இத்தனையையும் வெளுத்தவன் எங்கேயாவது ஓரமாக நிற்கிறானா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு படத்திலும் அவன் இல்லை. அம்மா தப்பாகச் சொன்ன கொஞ்ச காலம் மட்டும்தான் அவன் அங்கே இருந்தான்.