மறுகரைக் கூவல்

மண்டூர்த் துறையில் தோணி வலித்தவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். உப்பேறி வெடித்த விரல்கள். யார் என்ன கேட்டாலும், மறுகரையில் தோணிக்கு ஆள் கூப்பிடும் கூவல் கேட்கிறதா என்று ஒருமுறை காது கொடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நானும் தினமும் மறுகரையில் நின்று கூவி, அவருடைய தோணியில் ஏறித்தான் பள்ளிக்குப் படிப்பிக்கப் போவேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். அந்த மாரி முழுவதும் அவருக்கு ஒரே கேள்விதான்.

“வாத்தியார், இந்த வயசில நான் திரும்பவும் பள்ளிக்கு வந்தாப் பிழையா?”

“பிழையில்ல, வாங்க.”

“அப்ப தோணிய ஆர் பாக்கிற?”



ஒரு நாள் என்னை இறக்கிவிட்டுத் தோணியைக் கட்டினார். பின்னாலேயே வந்து, சிறுவர்களின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சிலேட்டில் இரண்டு வரி எழுதியிருப்பார், மறுகரையில் கூவல் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. மறுபடியும் கேட்டது. பிள்ளைகள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“ஆரோ ஏலாத ஆள் போல இரிக்கு. போயிட்டு வாறன், வாத்தியார்” என்று எழுந்தார். பள்ளி விடும்வரை திரும்பவில்லை, கூவல் ஓயவேயில்லை.

மறுநாள் காலை மறுகரையில் நெடுநேரம் கூவாமல் நின்றேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் நானும் கூவினேன்.