ஜின்னை மறுத்து நான் அடிக்காத நோட்டீஸ்

தெருமுனையில் நின்று நோட்டீஸ் கொடுக்கும் தொழிலில், வாங்குகிறவர்கள் எல்லோரும் படிப்பதில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் நின்றுகொண்டிருக்கும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படித்ததெல்லாம் நோட்டீஸ்தான்.

ஒரே ஒரு வாசகர்

தாம்பரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் தாயத்து வியாபாரத்தைக் கண்டித்து நோட்டீஸ் கொடுத்தேன். ‘அல்லாஹ்விடம் கேளுங்கள், கயிற்றிடம் கேட்காதீர்கள்’ என்று தலைப்பு. ஒருவர் அங்கேயே நின்று கடைசி வரி வரை படித்தார். பத்திரமாக மடித்தார். பிறகு அதையே என்னிடம் நீட்டினார்.

“நல்லா எழுதிக்கீறீங்க பாய். இத்த கொஞ்சம் ஓதிக் குடுங்க. பேத்திக்கு ஜுரம், தலவாணி அடியில வெக்கணும்.”

மறியல்

அனகாபுத்தூரில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. ஆறு பொங்கினால் தண்ணீர் முதலில் அதில் இறங்கும். அது நிறைந்த பிறகுதான் எங்கள் வீடுகளுக்குள் வரும். அதைத் தூர்த்து மனை போட ஒரு கம்பெனி லாரி லாரியாக மண் கொட்டியது. மனு கொடுத்தேன். மறியல் செய்தேன். கைது செய்து கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டார்கள். திரும்பி வந்தால் மண்மேடு வளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு டெய்லர் சலீம் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்:

“உங்களப் புடிச்சிகினு போனா லாரிக்கு வழி ஃப்ரீ ஆவுது பாய். நாளைக்கு வூட்டுலயே இருங்க, மெதுவாவாச்சும் கொட்டுவான்.”

வெந்நீர்

குட்டைக் கரையில் இடியாப்பம் விற்பவர் மும்தாஜ் அக்கா. கடை முடிந்ததும் சட்டியில் மிஞ்சிய வெந்நீரைக் கரையில் ஊற்றுவார். ஊற்றுவதற்கு முன் ‘பிஸ்மில்லா’ என்று உரக்கச் சொல்வார். ஈரமான இடங்களில் ஜின்கள் குடியிருக்கும், சொல்லாமல் ஊற்றினால் அவர்கள் மேல் பட்டுவிடும் என்பது எங்கள் வீடுகளில் நம்பிக்கை. ஒரு நாள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த மண் லாரி டிரைவர், யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“கீழ ஜின்னுங்க குடும்பமா இருக்குதுப்பா. புள்ளைங்க மேல பட்டுடக் கூடாதுல்ல?” என்றார் அக்கா, சட்டியைக் கவிழ்த்தபடி.

டிரைவர் மண்மேட்டைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“ஒரு வாரமா அவங்க வூட்டு மேலதான் கொட்டிகினு கீறேன். இத்த மொதல்லயே சொல்ல மாட்டியாக்கா?”

கலர் நோட்டீஸ்

மறுநாள் லாரி வரவில்லை. வேறு டிரைவர்களும் விஷயம் கேட்டு, ரோட்டிலேயே வண்டியைத் திருப்பினார்கள். கம்பெனி மேனேஜர் என் தாயத்து நோட்டீஸுடன் வீட்டுக்கு வந்தார். குட்டையில் ஜின் இல்லை என்று இதே நடையில் எழுதிக் கொடுங்கள், வழவழப்பான தாளில் கலரில் அடித்துவிடலாம் என்றார். கலரில் ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கொஞ்சம் யோசித்தேன். “ஜின் உண்டு என்று வேதத்தில் இருக்கிறது. இந்தக் குட்டையில் இல்லை என்று அதில் இல்லை. ஆதாரம் இல்லாமல் நான் எழுதுவதில்லை” என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

“உங்கள மாதிரி படிச்சவங்களே இப்படிப் பேசினா எப்படி சார்?”

நெய்ச்சோறு

அதன் பிறகு குட்டையில் மண் விழவில்லை. ஐப்பசி மழையில் அது விளிம்பு வரை நிரம்பியது. தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. சந்தே கூடி நெய்ச்சோறு ஆக்கியது. மறியலைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் ஜின்களைப் பற்றித்தான். நன்றி சொல்ல வேண்டியது படைத்தவனுக்கு என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சலீம் என் கையில் தட்டைத் திணித்தார்.

“சாப்புடுங்க பாய். அவங்க மைக்கே புடிக்காம வேலைய முடிச்சிட்டாங்க.”

கைதாகாமல் ஜெயித்த போராளிகளை என் அனுபவத்தில் இந்த ஒரு முறைதான் சந்தித்திருக்கிறேன், சந்தித்தேன் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.