மீனுக்குப் பல் வைத்த கை

எதிர் இருக்கைக்காரர் ஒருமுறையாவது சிரிக்காமல் பல்லுக்காரர் பேருந்தைவிட்டு இறங்குவது கிடையாது. நிறுத்தம் தாண்டிப் போனாலும் சரி. கொட்டாவி விட்டால்கூடப் போதும், அரை நொடியில் கணித்துவிடுவார்: மேல் வரிசை கட்டின செட், கீழே சொந்தப் பல், செய்தவன் ரயில் நிலையத்துப் பக்கத்து லேப்காரன், கோரைப்பல்லை ஒரு சுற்று குண்டாக வைப்பது அவன் வழக்கம். "வாய் பார்க்கிறதே இவருக்குப் பொழப்பாப் போச்சு" என்று அவர் மனைவி முப்பது வருடமாகச் சொல்கிறார். இன்னும் அலுக்கவில்லை.

பல் செட் கட்டுவது வேலை, பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஜன்னலையொட்டிய ஓர் அறையில். மெழுகு வாசனை, சுண்ணாம்பு நிறத் தூசி, மேசை முழுக்க யார் யாருடையதோ ஈறுகள். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்ப்பார். "வெள்ளையில வெள்ளைன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்பார். செய்து முடித்த செட்டை உள்ளங்கையில் வைத்து, அது தனக்கே பதில் சொல்லப்போவதுபோல் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு மீன் படம். கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பிரதி. தட்டையான மீன், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, உள்ளே நெல்மணி போலப் பற்கள். அடியில் மஞ்சள் பாய்ந்து, நுனியில் வெளிச்சம் ஊடுருவும் பற்கள்.

அவருடைய கொள்ளுத்தாத்தா ஓர் அயல்நாட்டு மருத்துவருக்காக மீன்களை வரைந்தவர். வரைந்தவை எல்லாம் மருத்துவரோடு கப்பலேறிப் போய்விட்டன. தப்பியது ஒரே தாள். அது வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மூலையில் பென்சிலால் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் தேதியும். சின்ன வயதில் அப்பா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "எத்தனை பல்லு, எண்ணு பார்ப்போம்" என்பார். நாற்பத்திரண்டு. அப்பாவின் சட்டையில் அடித்த சோப்பு வாசனையோடு அந்த எண் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

பதினான்கு வருடத்துக்கு முன் மருத்துவமனை மாடியில் இருக்கும் மருத்துவர் ஏதோ தேடும்போது கணினியில் வந்து நின்றது அந்தத் தட்டை மீன். 'உள்ளூர் ஓவியர், பெயர் தெரியவில்லை' என்று கீழே போட்டிருந்தது. பல்லுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது எங்க ஆளு கை டாக்டர். ஒவ்வொருத்தன் கைக்கும் ஒரு பல்லு உண்டு, ஒளிக்க முடியாது."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் மீனுக்கு. நான்கு அருங்காட்சியகங்களில் முப்பத்தொரு மீன்களைப் பல்லை வைத்தே அடையாளம் கண்டார். கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போடச் சொல்லும் கடிதங்களை, நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற மனைவி அடித்துத் தருவார். 'பல்லே ஆதாரம்' என்று இவர் சொல்ல, 'பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று அவர் அடிப்பார். பதில் எப்போதும் ஒன்றுதான்: எழுத்துச் சான்று வேண்டும்.

போன மாதம் அந்தத் தட்டை மீனைக் காக்கும் அம்மாளிடமிருந்து ஒரு கடிதம். உங்கள் வீட்டுத் தாளில் இருப்பதுபோன்ற எழுத்து எங்கள் ஏழு தாள்களின் பின்பக்கம் பென்சிலில் இருக்கிறது. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னால் பெயரைச் சேர்க்கிறோம் என்று எழுதி, படங்களையும் அனுப்பியிருந்தார்.

கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தேதான். 'மூணு நாள் ஆன மீன். நிறம் போச்சு. ஞாபகத்தில் போட்டேன்.' பல்லுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். 'நாத்தம் தாங்கலை.' அதற்கும் சிரித்தார். ஐந்தாவது, சுவரில் தொங்கும் மீனின் அசல் தாளுக்குப் பின்பக்கம். 'இது முழுக்க அக்கா போட்டது. மத்ததுக்கும் பல்லு அக்காதான். எனக்குப் பல்லு வராது.'

நாலைந்து முறை படித்தார். பிறகு எழுந்துபோய், நிரம்பியிருந்த தண்ணீர்ப் பானையை மறுபடி நிரப்பினார்.

"பல்லு எங்க ரத்தத்துலயே இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார்.

"இப்பவும் ரத்தந்தானே. வேற வழியா வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார் மனைவி.

குடும்பத்தில் மூத்தவர் சித்தப்பா. பல்லுக்காரர் அவரிடம் போனில் கேட்டார்: "தாத்தாவோட அப்பாவுக்கு அக்கா இருந்தாங்களா?"

"இருந்திருப்பாங்க. பேரெல்லாம் யாருக்குடா தெரியும்?" என்றார் சித்தப்பா. "அந்த மியூசியக்காரங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதுங்கிறியே. நீ சொல்றதுதானே அங்க எழுத்து. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா ஆக்காதே. தாத்தா பேரைக் குடுத்துட்டு விடு."

மூன்று நாள் பல்லுக்காரர் பதில் எழுதவில்லை. பேருந்தில் யார் வாயையும் பார்க்கவில்லை. ஒரு செட்டில் இடப்பல்லை வலப்பக்கம் வைத்துவிட்டு, மருத்துவர் திருப்பி அனுப்பியதும்தான் கவனித்தார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறை. அதைக் கையில் வைத்துக்கொண்டே சுவர் மீனைப் பார்த்தார். இத்தனை வருடம் இதில் அவர் தேடியது பெரிய மீசை வைத்த ஒரு மனிதரை. இப்போது பார்த்தால், ஜன்னலோரம் முதுகு வளைத்து, இவரைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பக்கத்திலேயே நின்றிருப்பான். மறைக்க வேண்டும் என்றால் அவன் அன்றைக்கே மறைத்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் மனைவி கணினி முன் உட்கார்ந்தார். ஏழு தாளின் எழுத்தையும் ஒன்றுவிடாமல் பல்லுக்காரர் படிக்க, அவர் அடித்தார். கடைசியில் அருங்காட்சியகம் அனுப்பியிருந்த படிவம். அதில் 'ஓவியர்' என்று ஒரு கட்டம்.

"என்ன அடிக்க? அந்தம்மா பேரு இல்லையே."

பல்லுக்காரர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். தட்டச்சு அவருக்கு வராது. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி முதல் வரியில் 'அக்கா' என்று அடித்தார். அடுத்த வரியில் கொள்ளுத்தாத்தாவின் பெயரை அடித்தார். பிறகு அந்தப் பெயருக்கு முன்னால் போய், கொஞ்சம் இடம் விட்டு, 'தம்பி' என்று சேர்த்தார்.