புளியமரத்திலிருந்து இறக்கிய போன்

ஆசிரியையான என் மனைவிக்கு மறுநாள் காலை ஆன்லைன் பயிற்சி. அதற்கான வீடியோ மென்பொருளை அவளுடைய லேப்டாப்பில் ஏற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்; அதற்கு நான் புதுசு. ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. போனைப் பையில் போட்டு வாசல் புளியமரக் கிளையில் தொங்கவிட்டால்தான் லேப்டாப்புக்கு நெட் கிடைக்கும்.

மென்பொருளை ஏற்றும் கட்டளையைத் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஆக, எவனோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக விழுங்குகிறான்! அந்த லேப்டாப்புக்கு நான் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்ட்தான் என் வங்கிக் கணக்குக்கும். போனையாவது காப்பாற்றலாம் என்று ஓடிப்போய் அதை இறக்கி மடியில் செருகிக்கொண்டேன்.

திரும்பி வந்து என்டரைத் தட்டினால், இணைப்பு இல்லை என்றது.

"பாத்தியா, மாட்டிக்குவோம்னு லைன கட் பண்ணிட்டான்!" என்று கூவினேன்.

மனைவி என் மடியைப் பார்த்தாள். "இன்னாங்க, நெட்ட அவுத்து மடியில கட்டிக்கினு திருடன தேடுறீங்களா? பக்கத்துல நிக்கிறவங்க பாக்கக் கூடாதுன்னுதான் அது பாஸ்வேர்ட காட்டாது."

போனை அவளே மரத்தில் மாட்டினாள். மறுபடி கட்டளையைத் தட்டினேன், மென்பொருள் ஏறியது. சரியாக ஏறியதா என்று திறந்து சோதித்தேன். கேமராவில் ஓர் ஆள் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தான். சந்தேகமே இல்லை, நான்தான்.