சூடு ஆறாத திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு படிப்பு நின்றவள் நான். எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. சாமி விளக்கை வைத்து நான் சொன்ன ஒரு பொய் இதில் இருக்கிறது. இந்தக் கார்த்திகைக்கு விளக்குத் துலக்கும்போதுதான், இனியும் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு மறதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலமெல்லாம் பாடுபட்ட காட்டிலேயே வழி தெரியாமல் நின்றவரை ஒருநாள் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அதன்பிறகு அப்பா சைக்கிளைப் பூட்டினார், அரிவாளை எடுத்து ஒளித்தார். தாத்தாவுக்கென்று மிஞ்சியது ஒரே வேலை: சாயங்காலம் சாமி மாடத்தில் விளக்கேற்றுவது. அதையும் அப்பா நிறுத்தப் பார்த்தார்.

"வூட்டக் கொளுத்திடப் போறாரு. தீப்பெட்டிய மறைச்சு வை" என்றார்.

"நான் கூடவே நிக்கிறேங்க. அதையும் புடுங்கிட்டா அவருக்கு என்னதான் இருக்கு?" என்றாள் அம்மா.

தாத்தா விளக்கேற்றி, திருநீறு பூசி, வாசலில் போய் உட்காருவார். அரைமணி நேரத்தில் மறந்துபோய்த் திரும்பி வருவார். விளக்கு எரிவதைக் கண்டால், "யாரு ஏத்துனது? என்னைய வேண்டாம்னுட்டீங்களா?" என்று முகம் சுருங்கிப்போகும். அதனால் அவருடைய தடிச் சத்தம் கேட்டதும் அம்மா நந்தியாவட்டைப் பூவால் திரியை அமர்த்திவிடுவாள். "வாங்க மாமா, ஒங்களுக்காகத்தான் காத்துருக்கோம்" என்பாள். சில நாள் இது மூன்று தடவைகூட நடக்கும்.

எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பது என்ற பேச்சே கூடாது. குளிர வைப்பது என்றுதான் சொல்வோம். எரிகிற சாமி விளக்கை அம்மா இப்படிக் குளிர வைத்துக்கொண்டே இருந்தால் சாமி கண்ணைக் குத்திவிடும் என்று எனக்குப் பயம். ஒருநாள் தாத்தாவிடமே போட்டுக்கொடுத்தேன்.

"தாத்தா, இது மூணாவது தடவ. நீங்க ஏத்த ஏத்த அம்மா குளுர வச்சிடுறாங்க."

தாத்தா தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "அப்புடியா பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் விளக்கு வைக்க அவர் வரவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். என்ன வருத்தம் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"நீ சொன்னத மறந்துட்டாருடி. மனசு நொந்தது மட்டும் மறக்கல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அம்மாவே விளக்கேற்றிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். நான் ஒரு பூவைப் பறித்து வந்து, "சாமி, என் கண்ணக் குத்திடாத" என்று வேண்டிக்கொண்டு திரியை அமர்த்தினேன். வாசலுக்கு ஓடிப்போய்த் தாத்தா கையைப் பிடித்தேன்.

"நேரமாச்சு தாத்தா. வெளக்கு வைக்க வாங்க."

"இன்னும் யாரும் ஏத்தலியா?"

"இல்ல தாத்தா. நீங்கதான ஏத்தணும்."

வந்தார். திரியைத் தூண்ட விரல் வைத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். அப்புறம் தீக்குச்சியைக் கிழித்து விளக்கேற்றினார். என் நெற்றியில் திருநீறு இட்டு, "என் தங்கம்" என்று சிரித்தார். அன்றைக்கு, சாப்பிட்டதை மறந்து இரண்டாம் தடவையும் சோறு கேட்டார். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

தாத்தாவை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருடம் விளக்கைக் குளிர வைத்த கைக்கு இப்போது தெரிகிறது: அப்போதுதான் அமர்த்திய திரி விரலைச் சுடும். யாரும் ஏற்றாத விளக்கு சுடாது. ஒன்பது வயதில் அது எனக்குத் தெரியவில்லை.

யாரிடமாவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மறதிக்காரத் தாத்தாவை ஒரு பிள்ளை ஏமாற்றியது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர் விரல் சுட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.